தேன்கனிக்கோட்டையில் தூண்டில்

மீன் பிடிப்பது ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று நினைத்து, இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள், வாசகிகளே! தூண்டில் வித்தையில் பாதி, சமையலறை வித்தை. மாவு பிசையத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பாதி ஏற்கனவே வந்துவிட்டது. அது எப்படி என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். முதலில் ஊர் போய்ச் சேருவோம்.

ஓசூரிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பாக்கியம். தொழிற்சாலைகளின் மதில்களும் லாரி வரிசைகளும் கொஞ்ச தூரம் கூடவே வரும். பிறகு ரோஜாத் தோட்டங்கள், குடைமிளகாய் வளர்க்கும் பசுமைக் குடில்கள், அப்புறம் ராகி வயல்கள். பீடபூமியல்லவா? சித்திரை மாதத்திலும் காலையில் காற்று இதமாக இருக்கும். பக்கத்துத் தளியை 'சின்ன இங்கிலாந்து' என்று வெள்ளைக்காரர்கள் சொல்லி வந்தார்களாம். சொந்த ஊர் ஞாபகம் வந்தவர்கள் எதைத்தான் சொல்லமாட்டார்கள்!

தேன்கனிக்கோட்டைக் கடைத்தெருவில் நின்று பத்து நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே பேரத்தில் புரளும். விலை கேட்பது ஒரு பாஷை, குறைத்துக் கேட்பது இன்னொரு பாஷை. ஊருக்குப் பெரிய ஸ்வாமி பேட்டராய ஸ்வாமி. கன்னடத்தில் 'பேட்டெ' என்றால் வேட்டை. மகாவிஷ்ணுதான் இங்கே வேட்டைக்கார ராஜாவாக எழுந்தருளியிருக்கிறார். ஆகவே, இந்த ஊரில் தூண்டிலும் கையுமாக நடந்துபோவதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

ஊரைச் சுற்றிலும் ஏரிகளும் குட்டைகளும் இருக்கின்றன. மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் அவற்றில் அல்லியும் கோரையும் மண்டிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமையென்றால் ஓசூர் ஆலைகளில் வேலை பார்க்கும் பையன்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் சாமான்களைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். மூங்கில் கழியில் தங்கூசி நரம்பைக் கட்டி, நெட்டித் தக்கையும் ஈயக்குண்டும் கோத்து, மண்புழுவை மாட்டி உட்கார்ந்திருந்த நம் மாமாக்கள் எங்கே! கரி இழையில் செய்த ஏழு அடிக் கழி, பற்சக்கர ரீல், பின்னல் நூல், ரப்பர்த் தவளை என்று வந்து நிற்கும் இந்தப் பிள்ளைகள் எங்கே!

அந்த ரப்பர்த் தவளைக்கு ஒரு கதை இருக்கிறது. அது நம் ஊர் மீனுக்காகச் செய்யப்பட்டதே அல்ல. அமெரிக்காவில் பாஸ் என்று ஒரு நன்னீர் மீன் உண்டு. அகன்ற வாய், ஆத்திரக்கார சுபாவம். பாசிக்குள் பதுங்கியிருந்து, மேலே போகும் தவளை, சுண்டெலி எதுவானாலும் தாவிப் பிடிக்கும். அந்த மீனைப் பிடிப்பதுதான் அங்கே பெரிய பொழுதுபோக்கு, பந்தயங்கள்கூட நடக்கின்றன. 1932-ல் ஜியார்ஜியா மாகாணத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ் இருந்தது. 77 வருஷம் கழித்து, 2009-ல், ஜப்பானில் பிவா ஏரியில் மனாபு குரீட்டா என்பவர் பிடித்த மீன் அதற்குச் சமமாக நின்றது. இத்தனை பேர் ஒரு மீனின் பின்னால் அலைந்தால் அதற்கென்று கழி, ரீல், நூல், பொய் இரை எல்லாம் நூற்றுக்கணக்கில் பெருகாதா?

நம் ஏரிகளில் பாஸ் கிடையாது. ஆனால் அதே குணம் படைத்த ஒரு மீன் உண்டு. உங்களுக்கும் நன்றாகத் தெரிந்த மீன்தான். பிள்ளை பெற்ற வீட்டிலும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் வீட்டிலும் தேடித் தேடி வாங்குவோமே, அந்த விரால்! அதுவும் பாசிக்குள் பதுங்கும். தவளையைக் கண்டால் விடாது. அமெரிக்கக் கடைக்காரர் பாஸுக்காகச் செய்த ரப்பர்த் தவளை தேன்கனிக்கோட்டை விராலுக்கும் கனகச்சிதமாகப் பொருந்திவிட்டது.

சாமான் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரர் நீட்டுவதையெல்லாம் வாங்கிவிட வேண்டாம். விராலுக்கு ஆறரை அல்லது ஏழு அடிக் கழி போதும். ஆனால் முதுகெலும்பு உள்ள கழியாக இருக்கவேண்டும். அடிப்பாகம் விறைப்பாகவும் நுனி மட்டும் வளைவதாகவும் பார்த்து எடுங்கள். கவ்விய மீனைப் பாசிக்குள் நுழைய விடாமல் இழுத்து வரவேண்டுமே! நூல் 30 பவுண்டிலிருந்து 50 பவுண்டு வரை தாங்கும் பின்னல் நூல். தங்கூசி இழுத்தால் நீளும். பின்னல் நூல் நீளாது. மீன் கவ்வியது கையில் உடனே தெரியும்.

ரீலில் இரண்டு ஜாதி. ஒன்று, நூலைச் சுற்றும் உருளை அசையாமல் நிற்பது. புதிதாகக் கற்பவர்களுக்கு இதுதான் நல்லது. இன்னொன்று, வீசும்போது உருளையே சுழல்வது. பாஸ் பிடிப்பவர்கள் இதைத்தான் கொண்டாடுகிறார்கள், குறி தப்பாமல் வீசலாம் என்று. ஆனால் கட்டைவிரலால் உருளையை அடக்கப் பழகாவிட்டால் நூல் முழுதும் சிட்டுக்குருவிக் கூடு மாதிரிச் சிக்கிக்கொள்ளும். பின்னல் வேலை தெரிந்த பெண்மணிகளுக்கே அந்தச் சிக்கலைப் பிரிக்க அரை நாள் ஆகும். ரீலில் ஒரு திருகாணி உண்டு. மீன் வலுவாக இழுத்தால் நூல் அறுந்துபோகாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது அதுதான். கழிக்குக் கொடுக்கிற பணத்தைக் குறைத்தாலும் இந்த ரீல் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

தவளையைப் பாசிக்கு அப்பால் வீசி, பாசியின் மேலாகவே தத்தித் தத்தி இழுத்து வரவேண்டும். முள் இரண்டும் தவளையின் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் பாசியில் மாட்டாது. திறப்பான ஜலம் வந்ததும் ஒரு கணம் நிறுத்துங்கள். பெரும்பாலும் அங்கேதான் 'படார்' என்று சத்தம் கேட்கும். சத்தம் கேட்டவுடன் கழியை இழுத்தால் தவளை மட்டும் திரும்பி வரும். மீன் தவளையை வாயில் வாங்கி, நூல் நகரத் தொடங்கும் வரை மனசுக்குள் 'ஒன்று, இரண்டு' எண்ணவேண்டும். எல்லோரும் தோற்பது இந்த எண்ணிக்கையில்தான்!

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மழைக்காலத்தில் ஏரி ஓரமாக ஜலத்தின் மேல் செக்கச்செவேலென்று ஒரு குஞ்சுக் கூட்டம் கொதிப்பதுபோல் புரண்டுகொண்டிருக்கும். அவை விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் தவளையைப் போட்டால் பெற்றது பாய்ந்து கவ்வியே தீரும். பசியால் அல்ல, குஞ்சைக் காக்க! பிடிப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் காவல் போனால் அத்தனை குஞ்சும் அந்த ஏரியின் மற்ற மீன்களுக்கும் கொக்குகளுக்கும் இரை. ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், அப்படிக் குறி பார்த்துக்கொண்டிருந்த பையனிடம், "ஏம்ப்பா தம்பி, தொட்டில் ஆட்டிக்கிட்டிருக்கிறவள அடிச்சிட்டுப் போவியா நீ?" என்று கேட்டார். பையன் தவளையைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேறு கரைக்குப் போனான்.

ஒரு எச்சரிக்கை. ஏரி பொதுச்சொத்துத்தான், ஆனால் மீன் பாசி பல ஏரிகளில் ஏலத்துக்கு விடப்படுகிறது. குத்தகைக்காரர் காசு போட்டுக் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தூண்டில் போடுவதுதான் மரியாதை.

குழந்தைகளை அழைத்துப் போனால் விராலும் வேண்டாம், ரப்பர்த் தவளையும் வேண்டாம். ஒரு மூங்கில் கழியும் மயிலிறகுத் தண்டில் செய்த தக்கையும் போதும். ஜிலேபி மீன் சின்ன முள்ளில் மண்புழுவுக்கே ஓடி வரும். கெண்டைக் குலத்துக்குத்தான் மாவு. இங்கேதான் உங்கள் சமையல் ஞானம் வேண்டும். கோதுமை மாவும் வறுத்த கடலைப் புண்ணாக்குத் தூளும் சம அளவு. சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாகப் பிசையவேண்டும். தளர்ந்தால் ஜலத்தில் கரைந்துபோகும். அதிகம் இறுகினால் மீன் சப்பிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடும். ஒரே ஏரியில் மூன்று மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் மாடியில் கட்லா, நடு மாடியில் ரோகு, தரைத் தளத்தில் மிர்கால். தக்கையை மேலே கீழே நகர்த்தி, எந்த மாடிக்குச் சாப்பாடு அனுப்புவது என்று நீங்களே தீர்மானிக்கலாம்.

இந்த விருந்தாளிகளில் யாருமே இந்த ஊர்க்காரர்கள் அல்ல என்பது வேடிக்கை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கத்திய ஆறுகளைச் சேர்ந்தவை. ஜிலேபி ஆப்பிரிக்க மீன். 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்து, அங்கிருந்து நாடு முழுதும் பரவியது. இப்போது எந்தக் குட்டையில் வலை போட்டாலும் அதுதான் வருகிறது. கூட இருந்த பழைய சின்ன மீன்கள் குறைந்துவிட்டன. பாஸை 1925-ல் கொண்டுபோய் வளர்த்த ஜப்பான், அது உள்ளூர் மீன்களைத் தின்று தீர்ப்பதைக் கண்டு, 2005-ல் அதை வைத்திருப்பதற்கும் கொண்டுபோவதற்கும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே, பாஸின் தவளை நமக்கு வந்தது போதும். பாஸ் வரவேண்டாம்!

இனி, மலையிறங்குவோம். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குப் போகிற சாலை காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும். இந்தப் பிரதேசத்தை ஆங்கிலம் படித்த உலகத்துக்குத் தெரியச் செய்தவர் பெங்களூர்வாசியான கென்னத் ஆண்டர்சன். ஜவளகிரிப் புலியைப் பற்றி 1954-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் எழுதினார். தேன்கனிக்கோட்டையும் அஞ்செட்டியும் அவர் கதைகளில் அடிக்கடி வரும் பெயர்கள். அஞ்செட்டிக்கு அப்பால் தொட்டல்லா என்னும் காட்டாறு. கன்னடத்தில் 'பெரிய ஓடை' என்று அர்த்தம். கோடையில் வெறும் மணல். அதற்கும் அப்பால், நாட்றாம்பாளையம் தாண்டிப் பள்ளத்தில் இறங்கினால், காவிரி!

செய்தித்தாளில் 'பிலிகுண்டுலுவில் இத்தனை ஆயிரம் கன அடி' என்று படிக்கிறோமே, அந்தப் பிலிகுண்டுலு இங்கேதான் இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து வரும் ஜலத்தை மத்திய நீர் ஆணையம் அளப்பது இந்த இடத்தில்தான். எதிர்க்கரை கர்நாடகம், இந்தக் கரை தமிழ்நாடு. நடுவில் பாறைகளுக்கிடையே ஓடும் நதிக்கு எந்தக் கரையும் தெரியாது. அந்த நதியின் ஆழ்மடுக்களில்தான் ஒரு காலத்தில் உலகத்துத் தூண்டில்காரர்களையெல்லாம் கடல் தாண்டி வரவழைத்த மகசீர் வாழ்ந்தது.

மகசீர் என்பது கெண்டைக் குலத்தின் ராஜா. உள்ளங்கை அகலச் செதில். இங்குள்ள ஜாதிக்கு முதுகில் திமில். துடுப்புகளில் ஆரஞ்சுச் சாயல். 1946-ல் மைசூரை அடுத்த கபினி ஆற்றில், வேட்டை மிருகங்களைப் பாடம் செய்வதில் பேர் போன வான் இங்கென் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் பிடித்த மகசீர் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ! சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873-லேயே இந்தியத் தூண்டில் கலையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, மகசீருக்கு முன் தங்கள் நாட்டு சால்மன்கூடச் சற்று மட்டம்தான் என்ற தீர்ப்பைச் சொன்னார். வெள்ளைக்காரர் வாயிலிருந்து அது வருவது சாமானியமா?

இந்த ராஜாவுக்கு இரை என்ன தெரியுமா? ராகிக் களி! ஆம், கரையிலிருக்கும் குடியானவன் சாப்பிடுகிற அதே பதார்த்தம். ராகி மாவை இறுகப் பிசைந்து, எலுமிச்சையிலிருந்து ஆரஞ்சு வரை வேண்டிய பருமனில் உருட்டி, கொழுக்கட்டை மாதிரி வேகவைத்து எடுப்பார்கள். பாறையில் மோதும் வெள்ளத்திலும் உடையாமல் நிற்கவேண்டும், அதுதான் பக்குவம். அதற்குள் முள்ளைப் புதைத்து, நூலில் ஈயக்கம்பியைச் சுற்றி, மடுவில் இறக்கிவிட்டுக் காத்திருப்பார்கள். மகசீருக்கு வாயில் பல் கிடையாது; தொண்டையில் உண்டு. அந்தத் தொண்டைப் பல்லால் நண்டையும் நத்தையையும் நொறுக்கும். மட்டமான முள்ளையும் சேர்த்து நொறுக்கிவிடும். கவ்வியது என்றால் முதல் ஓட்டமே நூறு கெஜம். பாறை இடுக்கில் நூல் மாட்டிக்கொண்டால் பரிசலில் ஏறிப் பின்னாலேயே போகவேண்டியதுதான். பரிசல்காரர் கெட்டிக்காரராக இல்லாவிட்டால் மீனும் இல்லை, நூலும் இல்லை.

சுதந்திரத்துக்குப் பின் கொஞ்ச காலம் இந்த மீனை உலகம் மறந்திருந்தது. 1977-78-ல் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சிறு குழு தேடி அலைந்து, 'இருக்கிறது!' என்று செய்தி சொன்னது. அதன் பிறகு எதிர்க்கரையில் பீமேஸ்வரி, கலிபோர், தொட்டமக்கலி ஆகிய இடங்களில் முகாம்கள் எழுந்தன. பிடித்த மீனை எடை போட்டு, படம் எடுத்து, உயிரோடு விட்டுவிடவேண்டும் என்பது நிபந்தனை. முன்பு வெடி வைத்து மீன் கொன்றவர்கள் சிலரே வழிகாட்டிகளாகச் சம்பளம் வாங்கி, இரவில் அந்த மடுக்களைக் காவல் காத்தார்கள்.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வன உயிரினச் சட்டப்படி சரணாலயத்துக்குள் பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பது கூடாது என்று அந்த முகாம்களில் தூண்டில் நிறுத்தப்பட்டது. இது சரியா, தவறா என்று இன்னும் தீராத வழக்கு. விளையாட்டுக்காக ஒரு ஜீவனின் வாயில் முள் குத்துவது என்ன நியாயம் என்கிறது ஒரு கட்சி. அந்தத் தூண்டில்காரர்கள் கொடுத்த காசுதானே வெடிக்காரனை விரட்டியது, இப்போது காவல் யார் என்கிறது மறு கட்சி. இரண்டாவது கட்சியின் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் ஆராய்ச்சியாளர்கள் பிறகு சொன்ன விஷயத்தைக் கேட்டபோது அந்த வாதத்துக்குள்ளேயே ஒரு முள் இருப்பது தெரிந்தது.

காவிரியில் மீன் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தோடு, லோனாவ்லாவில் இருந்த டாட்டா குஞ்சுப் பண்ணையிலிருந்து நீலத்துடுப்பு மகசீரைக் கொண்டுவந்து விட்டார்கள். அது கிருஷ்ணா நதிப் பக்கத்து ஜாதி. வந்தது செழித்தது, சொந்த ஊர்த் திமில் மகசீர் தேய்ந்தது. தூண்டிலில் மீன் நிறையச் சிக்கியதால், வீட்டுக்காரர் மறைந்துகொண்டிருப்பது வெகு நாள் வரை யாருக்கும் உறைக்கவில்லை!

இந்தத் திமில் மகசீருக்கு விஞ்ஞானப் பெயர்கூட நிச்சயமாகாமல் இருந்தது. கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களை வைத்து 2007-ல் ஒரு மகசீர் ஜாதிக்கு 'டார் ரேமாதேவி' என்று பெயரிட்டிருந்தார்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் மீன்களைப் பற்றி ஆராய்ந்த கே. ரேமா தேவி என்ற அம்மையாரை கௌரவித்து வைத்த பெயர் அது. மோயாற்றில் பிடித்துப் பரிசோதித்த திமில் மகசீரும் அதுவும் ஒன்றே என்று 2018-ல் தெரியவந்தது. ஆற்று ராஜாவுக்குக் கடைசியில் ஒரு பெண்மணியின் பெயர்! அதே வருஷம் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை 'மிக அபாயமான நிலை' என்ற பட்டியலில் சேர்த்தது.

இந்தக் கரையிலும் இப்போது காவல் வந்துவிட்டது. 2014-ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022-ல் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. நீர்நாய், முதலை, மெல்லோட்டு ஆமை, சாம்பல் அணில் எல்லாம் அங்கே உண்டு. எல்லைக்குள் அனுமதியில்லாமல் மீன் பிடிப்பது குற்றம். ஆகவே அஞ்செட்டிப் பக்கம் போகும்போது கழியையும் ரீலையும் தேன்கனிக்கோட்டையிலேயே விட்டுவிடுங்கள். பாறைமேல் உட்கார்ந்து மடுவைப் பார்க்கத் தடையில்லாத இடங்களில் பாருங்கள். கூலிங் கிளாஸில் ஜலத்தின் பளபளப்பை நீக்குகிற ஜாதி ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டால் கீழே போகும் மீனின் நிழல் தெரியும்.

மீன் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் அங்கிருந்து ஒகேனக்கல் போகலாம். அருவிக்கரையில் பெண்கள் மசாலா தடவிய மீனை வரிசையாக அடுக்கிப் பொரித்துத் தருவார்கள். "இதென்ன மீன் அக்கா?" என்று கேட்டேன். "ஜிலேபிதான் கண்ணு, வேறென்ன இருக்குது ஆத்துல!" என்று பதில் வந்தது. ருசிக்குக் குறைவில்லை.

ஏரியில் பிடித்ததை விட்டுவிட நினைப்பவர்கள் கையை நனைத்துக்கொண்டு தொடவேண்டும். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலிருக்கும் வழவழப்பு போய்ப் புண் வரும். முள்ளின் கொக்கியைக் குறட்டால் நசுக்கி வைத்தால் சுலபமாகக் கழலும். உங்கள் விரலில் தைத்தாலும் சுலபமாக வரும். அறுந்த தங்கூசியை ஒரு முழம்கூடக் கரையில் போடாமல் பைக்குள் சுருட்டி எடுத்து வாருங்கள். நாரையின் காலில் சுற்றினால் அது பறக்காது.

அஞ்செட்டிக்குப் போகிறவர்கள் திரும்புவதற்கான பஸ் நேரத்தை முன்னதாகவே விசாரித்துக்கொள்வது அவசியம். கார்த்திகை, மார்கழியில் ராகி விளைந்து நிற்கும்போது கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, நொகனூர் வழியாக இந்தப் பக்கம் வந்துவிடும். பொழுது சாயுமுன் தேன்கனிக்கோட்டை வந்து சேர்ந்துவிட்டால் பேட்டராய ஸ்வாமி கோயில் சாயரட்சைக்கும் போகலாம், ஓசூர் பஸ்ஸையும் பிடிக்கலாம்.